உத்திரமேரூரில் ஒரு டிரா

மங்களம் அக்கா மலேசியாவின் ஈப்போவிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கிளம்பியது மகளின் கல்யாணப் புடவைக்காக. நான் அவளோடு ஒட்டிக்கொண்டது செஸ் ஆடுவதற்காக. புடவைக் கடையில் இதை யாரும் நம்பவில்லை. "செஸ்ஸா? உத்திரமேரூர்லயா?" என்று கேட்ட கடைக்காரர், நான் தலையாட்டியதும், இவளிடம் புடவை விரித்துப் பயனில்லை என்று முடிவு செய்தவராக அக்காவின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அக்கா அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவில் பிற்பகல் முழுக்கத் தத்தளித்தாள். நான் ஒரு மூலையில் சாய்ந்துகொண்டு, அவர்கள் வாங்கிக் கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்தபடி பயந்துகொண்டிருந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் என் தலைக்குள் ரத்தம் கட்டி, மண்டையைத் திறந்து அதை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கால்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு பெயர்கள் நழுவத் தொடங்கின. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே அவள் பெயரைத் தேடி நிற்பேன். சந்தையில் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு என்ன பெயர் என்று யோசிப்பேன். டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

சின்ன வயதில் நான் எங்கள் மாநிலத்துக்காகச் செஸ் ஆடியவள். எதிரில் ஓர் ஆள், பக்கத்தில் ஓடும் கடிகாரம், நடுவில் பலகை என்று முழு ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்த்தால், தலைக்குள் என்ன மிச்சம் இருக்கிறதென்று எனக்கே தெரிந்துவிடும். ஈப்போவில் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது. தெரிந்த முகங்கள் அதிகம். அக்கா போகும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு போட்டி நடக்கிறதென்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் விமானத்தில்தான் சொன்னேன்.

"தோத்தா அழுவே லா. அப்புறம் தலை வலிக்கும். எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள். பிறகு, "சரி, நானும் வர்றேன்," என்றாள்.

மறுநாள் காலை காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நாங்கள் ஏறியது தப்பான பேருந்து. அதுதான் என்று ஒருவர் கை காட்டினார், ஏறினோம், உட்கார இடமும் கிடைத்தது. ஊர் தாண்டி, பெரிய சாலையில் வண்டி நன்றாக வேகமெடுத்த பிறகுதான் கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"உத்திரமேரூரா? இன்னாமா நீங்க, இது நேர் ஆப்போசிட்டா போய்க்கினு கீது!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "திருப்புட்குழி" என்று எழுதிய பலகை ஒன்று பின்னால் ஓடியது.

"பேஜாராகாதீங்க. தாமல்ல எறங்கிக்கோங்க. எதுனா வண்டி கெடைக்கும்," என்றார் கண்டக்டர்.

தாமலில் இறங்கினால் எதிரில் ஏரி. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைய உண்டு. பச்சையாக, ஆழமாக, யாரும் கிட்டே போகாமல் கிடக்கும். இது வேறு மாதிரி. கரைமேல் ஆடுகள், தண்ணீருக்குள் மாடுகள், மதகருகே துணி துவைப்பவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அக்கா மட்டும் ஏரியைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்காரம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாஷ்டா ஆச்சா?" என்றார்.

"யாரு அது நாஷ்டா?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

"பசியாறிட்டீங்களான்னு கேக்குறாங்க."

"இல்லன்னு சொல்லு லா, சீக்கிரம்."

சூடாக இட்லி வந்தது. கூடவே காரமாக வேர்க்கடலைச் சட்னி. மிளகாய்ச் சம்பல் இல்லாமல் காலையில் எதையும் தொடாத அக்கா அந்தச் சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். சாப்பிட்டுக்கொண்டே எங்கள் கதையைக் கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டாள். பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உத்திரமேரூர்ல செஸ்ஸா? எங்க மருமவளும் அங்கதான் போவுது. லோடு எறக்கற எடமும் அந்தப் பக்கந்தான். ஏறுங்க, போலாம்."

அவர் பெயர் ஏழுமலை. வேர்க்கடலை வியாபாரி. அவருடைய வண்டி, இங்கே எல்லாரும் குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டி. அக்காவை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நானும் அவர் மருமகள் லோகேஸ்வரியும் பின்னால் கடலை மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தோம். லோகேஸ்வரிக்கு முப்பது வயது இருக்கலாம். துணிப்பை ஒன்றை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பையின் வடிவத்தைப் பார்த்ததுமே உள்ளே செஸ் பலகை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஆசிரியை என்று கேட்டதும் அவளுக்கு டீச்சர் ஆகிவிட்டேன். காற்றில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஸ்கூல்ல ஸ்டேட் வரைக்கும் ஆடிக்கிறேன் டீச்சர். கல்யாணமாகி இங்க வந்ததுக்கு அப்புறம் காயத் தொடல. யாரும் ஆடாதன்னு சொல்லல. ஆடுன்னும் சொல்லல. அப்பிடியே பூட்ச்சி. போன வருஷம் மாமாதான், இன்னாத்துக்கும்மா நிறுத்திட்டன்னு கேட்டாரு. கேட்டதே அவரு ஒருத்தர்தான்."

அவள் கணவனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் எந்த ஊரில் போட்டி என்றாலும் மாமனார்தான் கூட்டிப் போகிறார். இந்தப் போட்டியில் முதலில் வரும் நான்கு பெண்களுக்கு மாவட்ட அணியில் இடம். அதற்காகத்தான் வருகிறாள்.

"இந்த வாட்டி வரலன்னா உட்டுடலாம்னு கீறேன்," என்றாள். "ஒவ்வொரு வாட்டியும் அவரு லோட உட்டுட்டு எங்கூட வந்து உக்காந்துக்கினு கீறாரு. எத்தினி நாளைக்கு?"

என் தலையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. ஆடுவதற்கு முன்னால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள்தான் அங்கே ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. மேடையில் மணமக்கள் பெயர் தெர்மாகோல் எழுத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தி மேசைகள்மேல் செஸ் பலகைகள். மின்விசிறிகள் சுற்றிய வேகத்தில், ஆட்டத்தை எழுதும் தாள்கள் பறக்காமலிருக்க எல்லாரும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் கேவலமாகத் தோற்றேன். அவர் ராணியை நகர்த்தியபோது அது எதற்கென்று பார்த்தேன், புரிந்தது, பதிலும் யோசித்தேன். கை காயைத் தொட்டபோது அந்தப் பதில் என்னிடம் இல்லை. ஏதோ ஒன்றை நகர்த்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், பாவமாகத்தான் பார்த்தார். எழுந்து வெளியே வந்து கை கழுவும் தொட்டியருகே நின்றேன். அக்கா ஓடி வந்தாள்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே லா. போதும், புடவைக் கடைக்கே போயிடுவோம்."

மதியம் தக்காளிச் சோறும் மசால்வடையும் போட்டார்கள். சமையல்கட்டுப் பெண்களோடு அக்கா அதற்குள் சிநேகமாகிவிட்டிருந்தாள். அவர்கள் சொன்ன "வெந்துக்கினு கீது"வை அவள் சொல்லிக் காட்ட, அவள் சொன்ன "லா"வை அவர்கள் சொல்லிக் காட்ட, உள்ளே ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் பசித்தது. சாப்பிட்டேன். பிற்பகலில் ஓர் ஆட்டம் ஜெயித்தேன், இன்னொன்று தோற்றேன். ஜெயித்ததும் எதிராளி அவசரப்பட்டதால்தான். அதை வைத்து என் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது.

மறுநாள் காலை, இரவு தங்கியிருந்த மண்டபத்து மாடி அறையிலிருந்து இறங்கி வரும்போது ஏழுமலை சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றிருந்தார். கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று அதில் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் திரும்பி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது! ஒரே வண்டில வந்தவங்களயா மோத உடுவாங்க?"

எனக்கும் லோகேஸ்வரிக்கும் ஆட்டம். அவள் நேற்று நன்றாக ஆடியிருந்தாள். இதில் தோற்றால் அவளுக்கு அணியில் இடம் இல்லை, ஜெயித்தால் நிச்சயம். டிரா என்றால் மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை அவளே என்னிடம் சொல்லிவிட்டு, "நீங்க உங்க ஆட்டத்த ஆடுங்க டீச்சர். பாவம் பாக்காதீங்க," என்றாள்.

அவளுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. கை குலுக்கினோம். அவள் கை சில்லென்று இருந்தது.

தொடக்கத்தில் நான் மோசமில்லை. இரண்டு பக்கமும் காய்கள் குறைந்துகொண்டே வந்து, யாருக்கும் பெரிய லாபமில்லாத ஒரு நிலைமை வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டால் தேவலை என்று தோன்றியது. "டிரா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே யோசித்தாள். "இல்ல டீச்சர். ஆடலாம்."

அதற்குப் பிறகு அவள் என்னை நசுக்கத் தொடங்கினாள். அவசரமே இல்லை அவளிடம். ஒரு சிப்பாயைப் பிடித்தாள், கொஞ்சம் கழித்து இன்னொன்றைப் பிடித்தாள். கடைசியில் எங்கள் யானைகளும் வெட்டுப்பட்டுப் போன பின், என்னிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும் இருந்தன. அவளிடம் ராஜா, ஒரு பிஷப், இரண்டு சிப்பாய்கள். ஒரு சிப்பாய் நடுவில், இன்னொன்று அவளுக்கு இடது ஓரத்தில். இரண்டில் ஒன்று என் பக்கக் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியானால் நான் காலி.

எங்கள் மேசையைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. மற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் முடிந்திருந்தன. கதவருகே அக்காவும் ஏழுமலையும் நின்றிருந்தார்கள். செஸ் தெரியாத அக்கா, என் முகத்தைப் பார்த்தே நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்திருந்தாள்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருவதுபோல இருந்தது. சின்ன வயதில் படித்தது. பிஷப் ஒரே நிறக் கட்டங்களில்தான் குறுக்காக ஓடும். ஓரச் சிப்பாய் போய்ச் சேரவேண்டிய மூலைக் கட்டம் அந்த நிறமாக இல்லாவிட்டால், எதிர் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிஷப்பால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. ஆட்டம் டிரா. அப்படியானால் என் குதிரையைக் கொடுத்து நடுச் சிப்பாயை ஒழித்துவிட்டு, ராஜாவை மூலைக்கு ஓட்டினால் போதும்.

ஆனால் குதிரையைக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. நான் நினைப்பது சரியா? நிறம் ஒன்றாக இருந்தால் டிராவா, வேறாக இருந்தால் டிராவா? முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே கைதான் இப்போது குதிரையின் மேலே நிற்கிறது. கடிகாரத்தில் எனக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டேன். படித்தது நினைவிருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். பலகை இங்கே எதிரிலேயே இருக்கிறது, அதைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மூலை எனக்கு வலது கைப்பக்கம். பலகையை வைக்கும்போதே வலது கை மூலை வெள்ளையாகத்தான் வைப்பார்கள். இங்கேயும் வெள்ளைதான். அவளுடைய பிஷப் நிற்பது கறுப்பில். ஆயுசுக்கும் அது கறுப்பில்தான் ஓடும். என் ராஜாவை மனதுக்குள் மூலையில் நிறுத்தினேன். அவள் பிஷப்பை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்த்தேன். அது ராஜாவைத் தொடவே இல்லை. இன்னொரு முறை ஓட்டினேன். அப்போதும் தொடவில்லை.

குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டினேன்.

சுற்றி நின்றவர்களில் யாரோ "ச்சு" என்றார். லோகேஸ்வரி ராஜாவால் என் குதிரையை எடுத்து ஓரமாக வைத்தாள். நான் ராஜாவை மூலைப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்தியதும் அவள் கை பாதியில் நின்றது. மூலையைப் பார்த்தாள். பிஷப்பைப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

ஆனாலும் விடவில்லை. சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளினாள், ராஜாவைக் கொண்டுவந்து எனக்கு வழி மறித்தாள், பிஷப்பை ஓட்டிப் பார்த்தாள். நான் மூலைக்கும் அதன் பக்கத்துக் கட்டத்துக்குமாகப் போய்ப் போய் வந்தேன். கடைசியில் என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை என்ற நிலை வந்தது. சட்டப்படி அதுவே டிரா. நடுவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"செத்தேன்னு நெனச்சீங்களா டீச்சர்?" என்று கை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ஆமா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்," என்றாள்.

அவளுக்காக வருத்தமாகத்தான் இருந்தது. அவள் கையிலிருந்த இடத்தை நான் தட்டிப் பறித்ததுபோல ஓர் எண்ணம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த வருத்தத்துக்கு மேலே என் தோள் இரண்டும் லேசாகியிருந்தன. நல்ல மூச்சு ஒன்று வயிறு வரை போய் வந்தது. இரண்டு வருடங்களாக அப்படி மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

முடிவு சொல்ல நேரமாகும் என்றார்கள். சாப்பாட்டு அறைக்குப் போனோம். லோகேஸ்வரி பையிலிருந்து தன் பலகையை எடுத்து மேசைமேல் விரித்தாள். "எங்க கோட்ட உட்டேன்னு பாக்கணும் டீச்சர். மொதல்லருந்து போடலாமா?" ஆடிய தாள்களை நடுவரிடம் கொடுத்துவிட்டிருந்தோம். நான் யோசிக்காமல் காய்களை அடுக்கத் தொடங்கினேன். அக்கா எதிரில் கோப்பியோடு உட்கார்ந்தாள். காப்பி என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஏழுமலை உட்காரவே இல்லை. மேசைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அவள் ஒன்று நகர்த்தினாள், நான் ஒன்று நகர்த்தினேன். காய்கள் நெருங்கி, பலகை முழுக்கச் சிக்கலாக இருந்த இடத்துக்கு வந்தபோது லோகேஸ்வரி தயங்கினாள். "இங்க யானைய நவுத்தினேனா?"

"இல்ல. முதல்ல உன் குதிரை வந்துச்சு. நான் பிஷப்பைப் பின்னால இழுத்தேன். அப்புறம்தான் உன் யானை."

"ஆமால்ல!" என்று குதிரையை எடுத்து வைத்தாள்.

அந்த நேரம் மண்டபத்துக்குள்ளிருந்து மைக் கரகரத்தது. பெண்கள் மாவட்ட அணி என்றது. முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதாக லோகேஸ்வரியின் பெயர் வந்தது. டிராவில் கிடைத்த அரைப் புள்ளியில் உள்ளே வந்துவிட்டாள்.

"யம்மா! லோகு!" என்று ஏழுமலை பாய்ந்து வந்தார். வந்த வேகத்தில் இடுப்பு மேசையில் இடித்தது. பலகை சரிந்து காய்களெல்லாம் தரையில் சிதறின. அக்காவின் கோப்பியும் கொட்டியது.

"ஐயோ மாமா!" என்று லோகேஸ்வரி அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர், "உடும்மா, உடும்மா, காய்தான, பொறுக்கிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். யாரோ கூப்பிட, இரண்டு பேரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள்.

நான் குனிந்து காய்களைப் பொறுக்கினேன். பலகையைத் துடைத்தேன். லோகேஸ்வரி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே என்று காய்களை வைத்தேன். அவள் ராஜா இங்கே, யானைகள் இங்கே, என் குதிரை இங்கே, ஓரத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால். எல்லாவற்றையும் வைத்து முடித்துக் கையை எடுத்தபோதுதான் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இது எல்லாம் இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"எப்படித் தெரியும் லா?"

"ஆடினேன்ல, அக்கா."

லோகேஸ்வரி கையில் ஒரு தாளோடு திரும்பி வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, அதில் அதிசயம் ஒன்றும் இல்லாதவள்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க ஆட்டம் டீச்சர்," என்றாள். நான் பிஷப்பைப் பின்னால் இழுத்தேன்.

அக்கா கைப்பேசியை எடுத்து ஈப்போவுக்கு, என் கணவருக்கு அழைத்தாள். "தம்பி, பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆட்டம் டிராவாம். தோக்கல. இல்ல தம்பி, அழல. இவ தலை நல்லா இருக்கு. நான் கண்ணால பார்த்துட்டேன்."